நானூறு நீலப் படிவங்கள்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். "ரெண்டு பேரும் இனிமே எழுதிக்கோங்க, என் காதாவது தப்பிக்கும்" என்று அண்ணி உத்தரவு போட்டுவிட்டாள். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எனக்கும் இதுதான் வசதி.

நீ கேள்விப்பட்டது உண்மை. நகராட்சித் தேர்தலில் நம் வார்டுக்கு நான் நிற்கிறேன். மூன்று மாதம் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினேழு வருடமாக இந்த வார்டில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள் நான். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மனிதர் கடிப்பார் என்பதுவரை எனக்குத் தெரியும். "மீட்டர் அக்கா நிக்கிறாங்களாம்" என்று தெருவில் பேச்சு ஓடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லு" என்று கேட்டாயே, அதற்குப் பதில்: ஒன்றும் வேண்டாம். இந்தத் தேர்தலிலிருந்து புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறது. யாரிடமும் பெரிய பணம் வாங்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிற வேட்பாளருக்குப் பிரசாரச் செலவை நகராட்சியே பொதுப் பணத்திலிருந்து தரும். சும்மா தூக்கிக் கொடுத்துவிடாது. இந்த வார்டில் குடியிருக்கும் நானூறு பேர் ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் தர வேண்டும். அவரவர் சொந்தப் பணம். தந்ததற்கு ஒரு நீலப் படிவத்தில் கையெழுத்து. ஏப்ரல் பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நானூறு சேர்ந்தால் பிரசாரம் உண்டு. ஒன்று குறைந்தாலும் என்னால் ஒரு துண்டுத்தாள்கூட அச்சடிக்க முடியாது, பேசாமல் மீட்டர் பார்க்கப் போய்விட வேண்டியதுதான்.

வார்டுக்கு வெளியே இருப்பவர்கள் தரக்கூடாது. கூடப்பிறந்தவனாக இருந்தாலும்தான். கோபித்துக்கொள்ளாதே, வாழ்த்து மட்டும் அனுப்பு. அதற்கு வரம்பு கிடையாது.

உன் தங்கை


மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். கீழே கப்பல்காரர்கள் என் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீ நிற்பதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இந்தத் துறைமுகத்தில் ஒருவன் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். காவலாளிக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் பத்து விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. என் தங்கை படியேறிப் படியேறி ஒரு பத்துக்குக் கை நீட்டுகிறாளா? அப்பா போனபோது எனக்குப் பதினெட்டு வயது. நான் இங்கே மூட்டை தூக்க வந்தது எதற்கு? நீ யாரிடமும் போய் நிற்கக்கூடாது என்பதற்கு. உன் பள்ளிக்கூடம், உன் பரீட்சை, உன் கல்யாணம் எதற்காவது அடுத்தவன் வீட்டு வாசலில் நிற்க விட்டேனா?

உன் நானூறு பேர் தருவதை நான் ஒருவனே தருவேன். அதைப் போல இரண்டு மடங்கும் தருவேன். விதியாம் விதி! அதெல்லாம் கண்டவனிடம் வாங்குகிறவர்களுக்குப் போட்டது. நான் என்ன கண்டவனா?

உன் அண்ணியிடமும் சொல்லிவிட்டேன். நம் வீட்டிலிருந்து ஒரு பத்தைக் கொடுத்து என் மானத்தை வாங்க வேண்டாம். கொடுத்தால் என் தகுதிக்குக் கொடுப்பேன். யோசித்து எழுது.

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

யோசித்தேன். இப்போதும் வேண்டாம்தான்.

கான்ட்ராக்டர் கட்டிய ஒன்பது மாடிக் கட்டடத்தை நீ போன விடுமுறையில் பார்த்தாய். "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணா!" என்று வாயைப் பிளந்தாய். அந்தக் கட்டடத்து மீட்டரைப் பார்ப்பது நான். மீட்டருக்கு முன்னாலேயே இன்னொரு குழாய் பிரிந்து கட்டடத்துக்குள் போகிறது. கணக்கில் வராத தண்ணீர். அதனால்தான் பின்தெருவில் இரண்டாம் மாடிக்கு மேல் குழாயைத் திறந்தால் காற்று வருகிறது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கவுன்சிலர் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "விடும்மா, அவரு நம்ம ஆளு" என்றார். அவருடைய சுவரொட்டிக்கும் மேடைக்கும் வண்டிக்கும் பணம் கொடுத்தது கான்ட்ராக்டர். அதனால் யாருக்கு யார் ஆள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை கான்ட்ராக்டரின் மருமகனே நிற்கிறார். நடுவில் ஆள் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

நீ பணம் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாய். அது எனக்குத் தெரியும். பின்தெருக்காரருக்கு எப்படித் தெரியும்? "அவ அண்ணன் பணத்துல நின்னா, நமக்கென்ன" என்று போய்விடுவார். அவருடைய பத்து என்னிடம் இருந்தால், "எங்கம்மா தண்ணி?" என்று நடுத்தெருவில் என்னை நிறுத்தி அதட்டுவார். எனக்கு அதுதான் வேண்டும்.

கை நீட்டுகிறேன் என்று எழுதினாய். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கை நீட்டினால் தலை குனியும் என்பார்கள். எனக்குக் குனியவில்லை அண்ணா. ஒவ்வொரு வீட்டிலும் அரைமணி நேரம் கேள்வி கேட்கிறார்கள், திட்டுகிறார்கள், அப்புறம்தான் பணத்தை எடுக்கிறார்கள். இதுவரை இருநூற்றுத் தொண்ணூறு.

அண்ணியிடம் படிவத்தை நீட்டினேன். "உங்க அண்ணன் சொன்னா உடனே போட்டுடறேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தங்கை


மார்ச் 24

அன்புத் தங்கைக்கு,

நீ சொல்வது சரிதான். உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா. இனி பணம் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே. நல்ல மனசுக்கு நல்லதே நடக்கும். படிவங்கள் தானாக வந்து சேரும், பார்த்துக்கொண்டே இரு. டயர்கடைக்காரன் பக்கம் ஒரு நடை போய் வா. என்னோடு படித்தவன், நாலு பேரைத் தெரிந்தவன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

நீ ஒரு கடிதத்தில் "சரி" என்று எழுதினால் நான் உடனே உஷாராகியிருக்க வேண்டும். நாற்பது வருடமாக உன்னைத் தெரிந்தும் ஏமாந்தேன்.

போன வாரம் நானூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் கையில் இருந்தன. கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று தலைகால் புரியாத சந்தோஷம். நாளைக்கு ஒப்படைப்பதாக இருந்தேன். நேற்று முடிவெட்டும் கடைப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அடுத்த தடவையும் நோட்டை டயர்கடைத் தம்பியே குடுத்துருவாரா? இல்ல நாங்க கொண்டு வரணுமா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

நேரே டயர்கடைக்குப் போனேன். உன் நண்பன் என்னைப் பார்த்ததும் காற்றடிக்கிற குழாயைக் கீழே போட்டுவிட்டான். "உங்கண்ணன் பணம் அனுப்பினான். ஆளுக்குப் பத்து குடுத்துக் கையெழுத்து வாங்குன்னான். அவன் சொன்னா நான் எப்படி மாட்டேங்கறது?" என்றான். முப்பத்தொரு பேர். பட்டியல்கூட வைத்திருந்தான், உன் பணத்தில் ஒரு பத்துகூட அவன் தொடவில்லையாம், அதற்கு ஆதாரமாம். இப்படி ஒரு யோக்கியமான திருட்டை நான் பார்த்ததில்லை.

பட்டியலோடு போய்ச் சிறிது நேரம் நகராட்சி அலுவலகத்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லமாட்டேன், கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கான்ட்ராக்டர் கொடுப்பதும் இப்படித்தானே? பத்துப் பேர் பெயரில் ஒருவர் பணம். அதை எதிர்த்துத்தானே நான் நிற்கிறேன்? எழுந்து போய் இந்தத் திட்டத்தைப் பார்க்கிற அதிகாரியிடம் முப்பத்தொரு படிவங்களையும் வைத்துவிட்டேன். "பணம் யாருடையது?" என்றார். "என் அண்ணனுடையது" என்றேன். கோப்பில் எழுதிக்கொண்டார்.

இப்போது என்னிடம் இருப்பது முந்நூற்று எண்பத்தொன்று. இன்னும் பத்தொன்பது வேண்டும். இனி என்னுடைய படிவங்களை வீட்டில் வாங்கக்கூடாதாம். ஒவ்வொருவரும் அலுவலகத்துக்கே வந்து, அதிகாரி முன்னால் பணம் தன்னுடையதுதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை நேரத்தில் யார் வருவார்கள்?

எனக்கு அழுகை வருகிறது அண்ணா. பாசத்தில்தான் செய்தாய். அதனால்தான் இன்னும் அழுகை வருகிறது.

தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

அரசாங்கக் கோப்பில் என்னைக் குற்றவாளி மாதிரி எழுதிவைத்துவிட்டாய். முப்பது வருட உழைப்புக்கு நல்ல பரிசு.

கையெழுத்துப் போட்ட முப்பத்தொரு பேரும் வார்டுக்காரர்கள். உனக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? யார் பையிலிருந்து வந்தால் என்ன, பத்து பத்துதானே?

நான் செய்தது எதுவும் இனி உனக்கு வேண்டாம் போலிருக்கிறது. பெரிய ஆளாகிவிட்டாய். எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி. இது உன் வீட்டு விஷயமும்கூட.

எட்டாம் தேதி, புதன்கிழமை, அண்ணி அந்த மூன்று மாடியும் ஏறி அலுவலகத்துக்கு வந்தாள். எனக்கு முன்கூட்டித் தெரியாது. பையிலிருந்து ஒரு பத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதிகாரி எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "பணம் உங்களோடதாம்மா?"

"வீட்டுக்காரர் அனுப்பினது" என்றாள் அண்ணி.

அவர் கோப்பைப் புரட்டினார். பாவம், அவருக்கே சங்கடம். "மத்தவங்களா இருந்தா வீட்டுச் செலவுப் பணம்னு வாங்கிக்குவேன். உங்க வீட்டுக்காரர் பேரு ஏற்கெனவே இதுல இருக்கு. அவருகிட்டேருந்து வர்ற பணத்தை இந்த வேட்பாளர் கணக்குல சேர்க்க முடியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குன்னு சொந்தமா ஏதாவது வருமானம் இருக்கா?" என்று கேட்டார்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கீழே போய்த்தான் பேசினாள். "இருபத்தாறு வருஷத்துல எங்கிட்ட யாரும் இதைக் கேட்டதே இல்ல. உங்கண்ணனும் கேட்டதில்ல, நானும் என்னைக் கேட்டுக்கிட்டதில்ல."

அவளை ராணி மாதிரி வைத்திருக்கிறாய். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவளும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற தையல்கடைக்குப் போயிருக்கிறாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் பெரிய கடை. பொத்தான் தைக்க ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. வியாழன் முழுக்க உட்கார்ந்து தைத்தாள். முதல் இருபது சட்டைகளைக் கடைக்காரம்மா பிரித்துப் போட்டுத் திரும்பத் தைக்கச் சொல்லிவிட்டாராம். "பொத்தான் ஆடுது, பையன் ஒரு நாள்ல பிச்சிடுவான்" என்று திட்டியிருக்கிறார். வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி தைத்திருக்கிறாள். நாம் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நாள் பேசாமல் இருக்கிறவள்!

நேற்று கடைசி நாள். காலையில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது இன்னும் பதினான்கு தேவை. பதினொரு மணிவரை ஒருவரும் வரவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது படிக்கட்டில் இருமல் சத்தம். முடிவெட்டும் கடைப் பெரியவர். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், அதுவும் வெள்ளிக்கிழமை. "இது என் பணம். அன்னிக்குக் குடுத்தது என்னோடது இல்லைன்னு இந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டா. நம்மள மதிச்சில்ல சொல்லியிருக்கா" என்று அதிகாரியிடம் சத்தமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். மதியத்துக்கு மேல் வரிசை படிக்கட்டுவரை நின்றது. டயர்கடைக்காரனும் வந்தான். என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

இரண்டரை மணிக்கு அண்ணி. சேலை முழுக்க நூல் துணுக்கு. "பணம் உங்களோடதாம்மா?" என்று அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னோடதுதாங்க. நேத்து சம்பாதிச்சது."

படிவத்தில் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. மற்ற பெண்கள் பாதிப் பேர் அங்கே கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள். அண்ணி குனிந்து நிதானமாக எழுதினாள்: பொத்தான் தைப்பவர். எழுதி முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள் பார், அண்ணா. நம் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சினிமா மாதிரி அவள் நானூறாவது ஆள் எல்லாம் இல்லை. முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஐந்து மணிக்கு அதிகாரி எண்ணி முடித்தபோது நானூற்று ஆறு. நான் வேட்பாளர்.

அண்ணியின் பத்துக்குத் தந்த ரசீதின் நகலை உள்ளே வைத்திருக்கிறேன். அண்ணிதான் வைக்கச் சொன்னாள். திங்கட்கிழமையும் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். போகப்போகிறேன் என்றாள். உன்னிடம் கேட்டுவிட்டா என்றேன். "சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

உன் தங்கை


ஏப்ரல் 17

தங்கைக்கு,

கடிதம் வந்தது. ரசீதைப் பார்த்தேன். இப்போது எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

கிழிக்கவில்லை.

அண்ணன்


மே 26

அன்புள்ள அண்ணனுக்கு,

தோற்றுவிட்டேன். எண்பத்தெட்டு ஓட்டு வித்தியாசம். கான்ட்ராக்டரின் மருமகன்தான் கவுன்சிலர்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. முதல் நாள் அழுதேன், அண்ணி திட்டினாள், நிறுத்திவிட்டேன். எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் சாப்பாடு போடவில்லை, வண்டி அனுப்பவில்லை. பொதுப் பணத்தில் ஒரே ஒரு துண்டறிக்கை அடித்தேன். ஒரு பக்கம் என் படம், மறு பக்கம் அந்தத் திருட்டுக் குழாயின் படம். குழாய் என்னைவிட நன்றாக விழுந்திருந்தது.

திட்டத்தில் சேர்ந்தவர்களோடு மற்ற வேட்பாளர்களும் ஒரே மேடையில் பேச வேண்டும் என்று விதி. மருமகன் வேறு வழியில்லாமல் வந்தார். நான் துண்டறிக்கையைத் தூக்கிக் காட்டி, "இந்தக் குழாய் யாருடையது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பின்தெரு முழுக்க எழுந்து நின்றுவிட்டது. "ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு வாரத்துல வெட்டிடறேன்" என்று மைக்கில் வாக்குக் கொடுத்தார். போன வியாழன் வெட்டினார்கள். பின்தெரு மூன்றாம் மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. நானே ஏறிப் போய்த் திறந்து பார்த்தேன். சந்தோஷத்தில் மூடாமல் நின்று அந்த வீட்டம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு வீட்டிலும் என்னை நிறுத்தித் தெருவிளக்கு, சாக்கடை என்று கேட்கிறார்கள். "நான் தோத்துட்டேங்க" என்றால், "அதனால என்ன, என் பத்து உங்கிட்டதானே இருக்கு?" என்கிறார்கள்.

மீண்டும் நிற்பேனா தெரியவில்லை. கால் வலிக்கிறது. நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வரி எழுது. ஒரு மாதத்துக்கு மேலாகிறது.

தங்கை


ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. வெட்கம். அறுபது அடி உயரத்தில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறவனுக்கு வெட்கம் வந்தால் இறங்கி ஒளியக்கூட இடமில்லை.

யார் பையிலிருந்து வந்தாலும் பத்து பத்துதானே என்று எழுதினேன். அது தப்பு. உன் அண்ணியின் ரசீதைப் பார்த்த அன்று புரிந்தது. இருபத்தாறு வருடம் நான் அனுப்பிய அத்தனை பணத்திலும் அவள் ஒரு தடவைகூடக் கையெழுத்துப் போடும் இடத்தில் நிமிர்ந்து நின்றதில்லை. நான் உங்கள் இருவருக்கும் குறை வைக்கவில்லை. ஆனால் உங்களைக் கொடுக்க விட்டதே இல்லை. கொடுக்கிற பெருமை முழுவதையும் நான் ஒருவனே வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பத்து விஷயத்தைத் துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டேன். "என் தங்கச்சி முப்பத்தொரு படிவத்தைத் தூக்கிக் குடுத்தவ. என் பெண்டாட்டி பொத்தான் தைச்சுப் பணம் கட்டினவ" என்று சொல்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஆட்கள் என்னைக் கண்டால் வேறு பக்கமாய்ப் போகிறார்கள். நீ தோற்றதையும் சொன்னேன். தலை நிமிர்ந்துதான் சொன்னேன். என்னோடு வேலை செய்கிறவன் ஒருவன், "எங்க ஊருல ஜெயிச்சவங்களைப் பத்திக்கூட இப்படி யாரும் பேசினதில்ல" என்றான்.

ஒரு விஷயம். டிசம்பரோடு வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நீ பார்த்த அந்த அதிகாரிக்கு நானே கடிதம் எழுதி மூன்று கேள்வி கேட்டேன். வார்டில் ஆறு மாதம் குடியிருந்தால் கையெழுத்துப் போடலாம் என்று பதில் வந்தது. கோப்பில் என் பெயர் இருப்பது இந்தத் தேர்தலோடு முடிந்ததாம். மூன்றாவது, வேலையில்லாதவன் மனைவியின் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் செல்லுமா என்று கேட்டிருந்தேன். செல்லும், ஆனால் அதற்கு மனைவி சம்மதிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். உன் அண்ணியிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.

நீ அடுத்த தடவையும் நிற்கிறாய். கால் வலித்தால் தைலம் தேய்த்துக்கொள். எனக்காக ஒரு படிவம் எடுத்து வை. மற்றபடி எந்தச் சலுகையும் வேண்டாம். எல்லாரையும் போல மூன்று மாடி ஏறி வருகிறேன். அந்த அதிகாரி என் முகத்தைப் பார்த்து, "பணம் உங்களோடதா?" என்று கேட்கட்டும்.

உன் அண்ணன்